தரை தொடாத கப்பல்

சகாயமேரிக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு அறை கிடைத்தது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நான்கு பக்கமும் இரும்பு. வட்டமாக ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறக்க முடியாது.

அறை ஒரு கப்பலில் இருந்தது. கப்பல் மைசூரில், ரிங் ரோட்டுக்கு வெளியே, ஒரு கல்யாண மண்டபத்துக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவில் நின்றது. கடல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். எழுபத்தொன்றாம் வருடத்துப் போரில் மேற்குக் கரையோரம் ரோந்து போன கப்பல். ஓய்வு கொடுத்த பிறகு ஒரு டிரஸ்ட் அதை ஏலத்தில் எடுத்தது. மூன்று துண்டாக வெட்டி, லாரிகளில் மலையேற்றி, மறுபடி ஒட்டவைத்தது. சிமெண்ட் மேடைமேல் எட்டு மரக்கட்டைகள், கட்டைகள்மேல் கப்பல். ஏறுவதற்கு இரும்பு ஏணிப்படி. அதன் கடைசிப் படி தரையைத் தொடாமல் ஒரு அடி மேலே தொங்கியது. டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை “ஹடகு, ஹடகு” என்று கூவினார்கள். கன்னடத்தில் ஹடகு என்றால் கப்பல்.

சகாயமேரி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தெட்டு வருட வேலை. அப்பா தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர். கணவர் ரோனி கார் சர்வீஸ் ஸ்டேஷனில் மெக்கானிக். ஒரே மகள் நிம்மி கல்லூரியில் படித்தாள். வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். சகாயமேரி அதிகம் பேசமாட்டாள். வார்டில் அவளுக்குப் பெயரே சைலன்ட் சிஸ்டர்.

குடகில் மலை சரிந்த வருடம் ஆஸ்பத்திரிக்கும் மடிக்கேரிக்கும் இடையே இரண்டு நாள் போன் இல்லை. ஸ்கூட்டரில் ஒரு பெரியவர் வந்தார். மொட்டை மாடியில் கம்பி கட்டினார், பேட்டரியில் ஒரு பெட்டியை இணைத்தார், மடிக்கேரியோடு பேசினார். எந்த ரத்தம் எத்தனை பை வேண்டும் என்ற பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டியது சகாயமேரி. நடுவில் அவருக்கு இருமல் வந்தது. மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் அவள்தான் பேசினாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பக்கத்தில் ஒருவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்தார். அப்படி யாரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை.

அடுத்த வருடம் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதினாள். லைசென்ஸ் வந்தது. வீட்டில்தான் நிலையம் வைக்க முடியவில்லை. மாடியில் கட்டிய ஏரியல் கம்பியை மேல் வீட்டுக்காரர் இரண்டு முறை அறுத்தார். இடியை இழுக்கும் என்றார். கேன்சர் வரும் என்று அவர் மனைவி சொன்னாள், ஒரு நர்ஸிடம்.

மடிக்கேரியோடு பேசியவர் பெர்னார்ட். சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு வருடம் ரேடியோ ஆபீசராக இருந்தவர். நகரத்து ரேடியோ சங்கத்துக்கு அவர்தான் தலைவர். டிரஸ்டுக்கு ஆலோசகர். எல்லோரும் அவரை கேப்டன் என்றார்கள். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்ததில்லை. திருத்தவும் இல்லை. டிரஸ்டிடம் பேசி, கப்பலின் பழைய ரேடியோ அறையைச் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்தார். ஏப்ரலிலிருந்து தசரா வரை பரீட்சார்த்தமாக. விஜயதசமியன்று கமிட்டி கூடும். அறை சங்கத்துக்கே நிரந்தரமாகுமா, செல்ஃபி பாயிண்ட் ஆகுமா என்று முடிவு செய்யும்.

சங்கத்தில் பதினோரு பேர். வாரா வாரம் வந்தது சகாயமேரி மட்டும். சனிக்கிழமை காலை டிபன் டப்பாவோடு ஏறுவாள். ஹெட்போனை மாட்டி, கப்பலின் அழைப்புக்குறியைச் சொல்லி உலகத்தைக் கூப்பிடுவாள். உலகத்தில் இப்படி மியூசியமாக நிற்கும் கப்பல்கள் நிறைய. அவற்றிலும் இப்படி யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருமுறை நார்வேயில் ஒரு பழைய மீன்பிடிக் கப்பலிலிருந்து ஒருவர் கிடைத்தார். எந்தக் கடல் என்று கேட்டார். கடல் இல்லை, கடல் மட்டத்திலிருந்து எழுநூற்றைம்பது மீட்டர் மேலே இருக்கிறோம் என்றாள்.  அவர், வெள்ளம் எப்போது வடிந்தது என்று கேட்டார். இதை அவள் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து ரோனி டிவியை அணைத்தார்.

“அம்மா, வாட்ஸ்அப்ல பேசினா ஆகல்வா, போதாதா?” என்றாள் நிம்மி. “நார்வேக்காரன்கிட்ட உனக்கு என்ன பேச்சு?”

“மழை பெய்யுதான்னு கேட்பேன்.”

“பெய்யுதாமா?”

“பனி பெய்யுதாம்.”

“அய்யோ, இதுக்கு ஒரு கப்பல்!”

ஆகஸ்டில் ஹெட்போனில் ஒரு உறுமல் வந்தது. மின்சாரத்தின் உறுமல். தூரத்துக் குரல்களை அது விழுங்கியது. பெர்னார்ட் வந்து கேட்டார். அறைக்கு வரும் மின்கம்பியின் பிளக்கைக் கழற்றினார். உள்ளே மூன்று கம்பிகள். பச்சை நிறக் கம்பியைத் தொட்டுக் காட்டினார்.

“இது கரையில இருக்கிற எர்த். கப்பல்ல இது எதுக்கு? ஹல்தான் எர்த், மேரி.”

ஹல் என்றால் கப்பலின் இரும்பு உடம்பு. கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் போய்விட ஒரு வழி வேண்டும். அதுதான் எர்த். கடலில் கப்பலின் உடம்பு தண்ணீரில் கிடக்கிறது, தண்ணீர் பூமியைத் தொடுகிறது. இருபத்திரண்டு வருடம் அவர் அப்படித்தான் வேலை செய்தார். எந்தக் கப்பலிலும் தவறவில்லை.

“வெட்டிடு” என்றார். சகாயமேரி வெட்டினாள். உறுமல் நின்றது. அன்று மாலை ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகள் கிடைத்தன.

கப்பல் மரக்கட்டைகள்மேல் நிற்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தினமும் பார்க்கிறார்கள்.

தசரா வந்தது. ஊர் முழுக்க விளக்கு போட்டார்கள். டிரஸ்ட் கப்பலுக்கும் போட்டது. ஒரு நகைக்கடை முதலாளி செலவை ஏற்றார். டெக்கரேஷன் ரவிக்குமாரின் ஆட்கள் கொடிமரத்திலிருந்து கீழ்வரை சீரியல் பல்புகளைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் விளிம்பு, கைப்பிடி, நங்கூரச் சங்கிலி எதையும் விடவில்லை. வயர்களை இரும்பு விளிம்புகளில் இறுக்கி, கட்டுக்கம்பியால் முறுக்கினார்கள்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு சகாயமேரி வேலையை முடித்துக்கொண்டு ஏணிப்படியில் இறங்கினாள். மழை விட்டிருந்தது. ஒரு கால் ஈரப் புல்லில் பட்டது. கை இன்னும் கைப்பிடியில். எறும்புக் கூட்டம் ஊர்வது போல ஏதோ ஒன்று விரலிலிருந்து முழங்கை வரை ஓடியது. கையை எடுத்தாள். ஓட்டம் நின்றது.

ரேடியோக்காரர்களுக்கு இது புதிதல்ல. பேசும்போது ஏரியலின் சக்தி பெட்டிக்குத் திரும்பினால் விரலைச் சுடும், மைக் உதட்டைக் கடிக்கும். அப்படித்தான் என்று நினைத்து நான்கு அடி நடந்தாள். பிறகு நின்றாள். ரேடியோவை அணைத்து கால் மணி நேரமாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். ரவிக்குமார் விளக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் முழுக்க மஞ்சளாக எரிந்தது.

அன்றே பெர்னார்டுக்கு போன் செய்தாள்.

“ரேடியோ ஆஃப்ல இருந்துச்சு சார்.”

“கேபிள்ல கொஞ்சம் சார்ஜ் நிக்கும். ஈரம் வேற.”

“லைட்டுல ஏதாவது லீக்...”

“லீக் ஆனா என்ன? ஹல்தான் எர்த். போயிடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மேரி, கணேஷ்குமார் காதுல இதைப் போட்டுடாத. ரேடியோ ரூம்லதான் கரண்ட் அடிக்குதும்பான். அந்தாளு செல்ஃபி பாயிண்ட்டுக்கு போர்டே எழுதி வெச்சிட்டான்.”

கணேஷ்குமார் டிரஸ்டின் செயலாளர். பெர்னார்ட் சொன்னது உண்மை. அவள் அதை அவர் காதில் போடவில்லை.

மறுநாள் டூட்டிக்குப் போகும் வழியில் ஹடகு நிறுத்தத்தில் இறங்கினாள். கப்பலின் காவலாளி கெம்பையன், ஹனூர்ப் பக்கத்து ஆள், தமிழ் பேசுவான். அவன் மனைவி நஞ்சம்மா கப்பலைக் கூட்டித் துடைப்பவள். இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட்டில் இருந்தார்கள். கெம்பையன் படியேறும்போது தடித்த ரப்பர் செருப்பு போட்டிருந்தான். மற்ற நேரம் அவன் வெறுங்காலோடுதான் திரிவான்.

“என்ன கெம்பையா, புதுச் செருப்பு?”

“புதுசெல்லாம் இல்லீங்க சிஸ்டர். படியில வெறுங்கால்ல ஏறுனா சுரீருங்குது. ரெண்டு நாளா. அந்த நாய் பாருங்க, படிக்கீழ படுத்துக்கிட்டே கிடக்கும். இப்ப அந்தாண்டைக்கே வர்றதில்ல.”

“கணேஷ்குமார்கிட்ட சொன்னியா?”

“சொன்னா, அப்ப செருப்பு போட்டுக்கடாங்கறாரு.” சிரித்தான். “அதான் போட்டுக்கிட்டேன்.”

நஞ்சம்மா வாளியோடு போனாள். அவள் கால்களைச் சகாயமேரி பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் அன்று மூன்று முறை, கையில் ஊசியோடு, எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றாள். இன்னும் மூன்று நாள். கமிட்டி கூடி, கையெழுத்து போட்டுவிட்டால், அதற்கு அடுத்த நிமிடம் சொல்லிவிடலாம்.

ஆயுத பூஜை அன்று காலை பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். கப்பலுக்குப் புதிதாகச் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கொடிமரத்தில் வாழை. முகப்பில் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். மாலை ஆறு மணிக்கு பூஜை. நகைக்கடை முதலாளி ஒரு பட்டனை அமுக்கி விளக்கைப் போடுவார். அதன் பிறகு நாற்பது பள்ளிக் குழந்தைகள் கையில் சின்னக் கொடியோடு படியேறி மேல்தளத்தில் வரிசையாக நிற்பார்கள். படிக்குப் பக்கத்தில் கன்னடத்தில் ஒரு அட்டை: காலணிகளை இங்கே விடவும்.

பூஜை செய்த ஆயுதத்தின்மேல் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள். அட்டை இல்லாவிட்டாலும் ஏறமாட்டார்கள்.

நஞ்சம்மா படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் தண்ணீர். தன் வண்டிக்குள்ளிருந்து ரவிக்குமார், “ட்ரையல் போடறேன்” என்று கத்தினான்.

விளக்குகள் எரிந்தன. நஞ்சம்மா சத்தம் போடவில்லை. வாளி உருண்டது. அவள் கை கைப்பிடியிலேயே இருந்தது, உடம்பு வில் மாதிரி பின்னால் வளைந்தது. சகாயமேரி இரண்டடி ஓடி, நின்றாள். தொடக் கூடாது.

“லைட்ட நிறுத்து! ரவி! நிறுத்து!”

அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தி யாரும் கேட்டதில்லை. விளக்கு அணைந்தது. நஞ்சம்மா தண்ணீரில் விழுந்தாள்.

மூச்சு இருந்தது. நாடி தாறுமாறாக ஓடி, விட்டுவிட்டு வந்தது. உள்ளங்கையில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

கணேஷ்குமார் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஏனாயித்து, என்ன ஆச்சு? விரதமா? காலையில இருந்து சாப்பிடல, அதான்.”

நஞ்சம்மா புருஷனைப் பார்த்தாள். “ஆமாங்க. தலை சுத்திருச்சு.”

“ஷாக் அடிச்சிருக்கு” என்றாள் சகாயமேரி. “உடனே இசிஜி எடுக்கணும்.”

கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் தேவம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி, தன் வார்டுக்கு போன் செய்தாள். கெம்பையன் கூடப் போக எழுந்தான். “நீ போனா கேட்டை யார் பாக்கறது?” என்றார் கணேஷ்குமார். அவன் உட்கார்ந்தான்.

பெர்னார்ட் வந்திருந்தார். வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. கேப்டன் என்று முதலில் படியேறப் போவது அவர்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, படியின் கைப்பிடியைப் பிடித்தார். ரவிக்குமாரிடம் விளக்கைப் போடச் சொன்னார். எரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களா? ஹல்தான் எர்த்.”

“ஷூ போட்டிருக்கீங்க சார்” என்றாள் சகாயமேரி.

ரவிக்குமாரின் பெட்டியிலிருந்து ஒரு ஜீரோ வாட் பல்பையும் ஹோல்டரையும் எடுத்தாள். ஒரு வயரை பெயிண்ட் சுரண்டிய படியில் வைத்தாள். இன்னொரு வயரை ஒரு ஸ்க்ரூடிரைவரில் சுற்றி, ஈர மண்ணில் குத்தினாள். பல்பு எரிந்தது. சிவப்பு பல்பு. கப்பலுக்கும் பூமிக்கும் நடுவில், நண்பகல் வெளிச்சத்தில், நன்றாகத் தெரிந்தது.



“ரேடியோ ரூம் வயரிங்” என்றார் கணேஷ்குமார். “நான் மொதல்லயே சொன்னேன். கேப்டன், நான் சொன்னேனா இல்லையா?”

பெர்னார்ட் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகாயமேரி கணக்குப் போட்டாள். விளக்கில் கோளாறு என்றால் இந்த ஆள் கேட்கமாட்டார். நகைக்கடை முதலாளியின் விளக்கு. ரேடியோ என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துவார். எல்லாம் ஒரே போர்டிலிருந்துதானே போகிறது. அவள் ஏழு மாதமாக ஏறி இறங்கிய அறையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

“ஆமா சார். ரேடியோதான். அந்த எர்த் வயரை நான்தான் வெட்டினேன். மூடிடுங்க.”

“ஒப்புக்கிட்டாங்கல்ல! கெம்பையா, ப்ளேயர் தா.”

கணேஷ்குமார் மெயின் போர்டைத் தொடவில்லை. ரேடியோ அறைக்குப் போகும் ஒற்றை வயரை மட்டும் வெட்டச் சொன்னார். அறையைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அவளுடைய ரேடியோ பெட்டியும் டிபன் டப்பாவும் உள்ளே இருந்தன. ஒரு நிமிடம் ஆகவில்லை.

கீழே சிவப்பு பல்பு எரிந்துகொண்டேயிருந்தது.

“சார், இன்னும் எரியுது. லைட்டுலதான் கோளாறு.”

“இப்பத்தானே ரேடியோன்னீங்க? நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்வீங்களா மேடம்? பேடா, வேணாம், போதும். போய் ரெஸ்ட் எடுங்க.” போன் வந்தது. பந்தல் பக்கம் போய்விட்டார்.

பெர்னார்ட் பல்பின் அருகே குந்தினார். ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினார், அணைந்தது. குத்தினார், எரிந்தது. இரண்டு முறை செய்தார். மரக்கட்டைகளைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக எண்ணினார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“நீங்க சொன்னா கேப்பாங்க சார்” என்றாள்.

அவர் கணேஷ்குமாரிடம் நடந்தார். அவள் காதில் விழுந்தது. “சாயந்திரம் நான் படியேறல கணேஷ். முட்டி வலிக்குது. பசங்களே மொதல்ல ஏறட்டும்.” பந்தலில் முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ரவிக்குமார் தலையைச் சொறிந்தான். “பத்தாயிரம் பல்பு அக்கா. எங்க நசுங்கியிருக்குன்னு தேடினா ரெண்டு நாள் ஆகும். லைட் எரியலேன்னா இந்த ஊர்ல என்னை எவனும் கூப்பிட மாட்டான்.”

“எர்த் போட்டா?”

“மேல எங்கயோ லைன் இரும்புல ஒட்டியிருக்கு. எர்த் போட்ட உடனே ஃபியூஸ் போகும்.”

“போகட்டும்.”

அவன் அவளைப் பார்த்தான். பந்தலைப் பார்த்தான். “நான் டீ குடிச்சிட்டு வர்றேன். வண்டி திறந்துதான் இருக்கு. கடப்பாரை சீட்டுக்கு அடியில கிடக்கு.”

மதில் ஓரம், கப்பலின் பின்பக்கத்தில் தோண்டினாள். இடுப்பு வரை குழி வேண்டும். மேல் மண் மழையில் ஊறியிருந்தது. ஒரு முழத்துக்குக் கீழே கல். சேலையைத் தூக்கிச் செருகினாள். கையில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. தேவம்மாவின் தள்ளுவண்டியில் கரி மூட்டை இருந்தது. போனில் கேட்டாள்.

“எடுத்துக்க சிஸ்டர். எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க. இங்க நஞ்சியை விட மாட்டேங்கறாங்க. நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டியிருக்காங்க.”

முக்குக் கடையில் பத்து கிலோ கல் உப்பு வாங்கினாள். பூஜைக்குச் சந்தனம் வைத்த தராசில் கடைக்காரன் நிறுத்துக் கொடுத்தான். இரும்புக் குழாயை நட்டு, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, மண், தண்ணீர். ஐந்தரை மணிக்கு ரவிக்குமார் வந்தான். ஒரு தடித்த செம்புக் கம்பியைக் குழாயில் முறுக்கினான். மறுமுனைக்குக் கப்பலின் அடியில் புதுப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கினான்.

“நான் பாக்கலக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆறு மணிக்கு மேளம். குழந்தைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். சின்னச் சின்ன ஜோடிகள். மழை தூற ஆரம்பித்தது. ஒரு டீச்சர் குழந்தைகளைப் படிக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில், இரண்டு வரிசையாக நிறுத்தினாள். முதல் பையன் கைப்பிடியில் கை வைத்துத் தயாராக நின்றான்.

நகைக்கடை முதலாளி பட்டனை அமுக்கினார்.

போர்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கப்பல் ஒரு கண் சிமிட்டு நேரம் மஞ்சளாகி, கறுத்தது. பையன் கையை எடுக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சகாயமேரி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரவிக்குமார் ஃபியூஸ் கட்டையில் புதுக் கம்பி சுற்றினான். மறுபடி பட்டன். ‘டப்’. மறுபடி. ‘டப்’. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரிங் ரோடு முழுக்க விளக்கு. மண்டபம், டைல்ஸ் கடை, தூரத்தில் நகரம் எல்லாம் எரிந்தன. கப்பல் மட்டும் நடுவில் இருட்டாக நின்றது.

“ஏனப்பா இது? மானம் போகுது!” என்றார் கணேஷ்குமார்.

“தெரியல சார்” என்றான் ரவிக்குமார்.

பந்தலில் பெர்னார்ட் எழுந்தார். அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“எவனோ ஹல்லுக்குத் தரை எர்த் குடுத்திருக்கான்” என்றார். “அதைக் கழட்டினா எரியும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சகாயமேரி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

கம்பி கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. புது மண், சிந்திய உப்பு. கணேஷ்குமார் டார்ச் அடித்தார். “கெம்பையா. கட் பண்ணு.”

கெம்பையன் ப்ளேயரோடு வந்தான். சகாயமேரி குழிமேல், ஈர மண்ணில், கம்பியை முழங்காலுக்கு அடியில் வைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிங்க சிஸ்டர்” என்றான் மெதுவாக. “எனக்கு வேலை போயிருமுங்க.”

“நஞ்சம்மா ஐசியூவுல இருக்கா.”

“தெரியுமுங்க. தேவம்மா சொல்லிச்சு. பாக்கத்தான் விடல என்னை.” ப்ளேயரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். “எந்திரிங்க.”

“இதை வெட்டினா, அந்தப் படியில நிக்கிற பையன் செத்துடுவான். மூணு நாளா எனக்குத் தெரியும், கெம்பையா. நான் சொல்லல. இந்த ரூமுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உன் பொண்டாட்டி வெறுங்காலோட போனதைப் பாத்துட்டு பஸ் ஏறிப் போனேன்.”

கெம்பையன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.  போகவுமில்லை, குனியவுமில்லை.

“போலீஸைக் கூப்பிடுவேன் மேடம்!” என்றார் கணேஷ்குமார்.

“கூப்பிடுங்க. இன்ஸ்பெக்டரை வெறுங்கால்ல வரச் சொல்லுங்க.”

நகைக்கடை முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் பூஜை இருந்தது. பொட்டு வைத்துக்கொண்டு காரில் ஏறினார். மழை வலுத்தது. டீச்சர் குழந்தைகளை மண்டபத்து வாசலுக்கு ஓட்டினாள். அவர்கள் செருப்புகளைத் தேடித் தள்ளிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பந்தல் காலி. பெர்னார்ட் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

கணேஷ்குமார் குடையோடு வந்து அவள் முன்னால் நின்றார்.

“நாளைக்கு பத்து மணிக்கு கமிட்டி. உங்க சாமானையெல்லாம் அதுக்குள்ள எடுத்துக்குங்க. நாளைக்கு ஜம்பூ சவாரி, யானை ஊர்வலம். அன்னைக்குக் கப்பல் எரியணும். எரியும்.” கெம்பையனிடம் திரும்பினார். “அவங்க எந்திரிச்ச உடனே கட் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி. பண்ணலேன்னா நாளைக்கு ஷெட்டைக் காலி பண்ணிடு.”

கார் போயிற்று.

கெம்பையன் நான்கு அடி தள்ளி, கப்பலின் நிழலில், ப்ளேயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மழை பெய்தது. அவன் முகம் தெரியவில்லை.

சகாயமேரி சேலைத் தலைப்பில் போனைத் துடைத்து, ரோனியைக் கூப்பிட்டாள்.

“எங்கே இருக்க? பூஜைக்கு வண்டியெல்லாம் கழுவி வெச்சிருக்கு, நீ இல்லாம...”

“ரோனி, ரெண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டு வா. ஒரு தார்ப்பாய். உன் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வா.”

“என்ன ஆச்சு மேரி?”

“வா, சொல்றேன்” என்றாள். “எந்த இரும்பையும் தொடாம வா.”